முதியோர் இல்லத்தில் மருந்துப் பிழையைத் தவிர்க்க எந்த முறை: மாத்திரை அட்டையா, வாரப் பெட்டியா, வேளைப் பொதியா, கணினிப் பதிவா?

முதியோர் இல்லம் நடத்துபவர்களும், பெற்றோரை அங்கே சேர்த்திருக்கும் பிள்ளைகளும் மாறி மாறிக் கேட்கும் கேள்வி இது: டோஸ் தவறாமல் மருந்து கொடுக்க எந்த முறைக்கு மாறலாம்? நம் ஊர் இல்லங்களில் இப்போது நான்கு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. மருந்துக்கடையிலிருந்து வந்த அட்டையிலிருந்தே வேளைக்கு வேளை மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பது ஒன்று. ஏழு நாளுக்கான மாத்திரைகளை அறைகள் கொண்ட பெட்டியில் முன்கூட்டியே நிரப்பி வைப்பது இரண்டாவது. பெயரும் தேதியும் வேளையும் அச்சிட்ட சிறு பைகளில் மருந்தகமே பொதிந்து அனுப்புவது மூன்றாவது. கொடுத்ததையெல்லாம் கையடக்கக் கணினியில் பதிவு செய்யும் மென்பொருள் நான்காவது. ஒவ்வொன்றையும் விற்பவர்கள் அதுவே பிழையை ஒழிக்கும் என்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு முறையும் சில பிழைகளைக் குறைத்து வேறு சிலவற்றைக் கொண்டுவருகிறது. ஆகையால், தன் இல்லத்துக்கு எந்தப் பிழை அதிகத் தீங்கு செய்யும் என்பதை முதலில் பார்ப்பதே நல்லது.

பிரச்சினையின் அளவைப் பற்றி ஒரு குறிப்பு. பிரிட்டனில் 55 பராமரிப்பு இல்லங்களில் 256 முதியவர்களைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஏதேனும் ஒரு மருந்துப் பிழை நேர்ந்திருந்தது தெரியவந்தது. அவர்கள் சராசரியாக எட்டு மருந்துகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான பிழைகள் பெரிய தீங்கு செய்யாதவை என்றாலும், அவை கொடுப்பவரின் கையில் மட்டும் நேர்ந்தவை அல்ல. மருத்துவர் எழுதியதில், மருந்தகம் கொடுத்ததில், இரத்தப் பரிசோதனை செய்து டோஸைச் சரிபார்க்க மறந்ததில் என நான்கு இடங்களிலும் பரவிக் கிடந்தன. நம் இல்லங்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஒரே முதியவருக்கு இதய மருத்துவர், சர்க்கரை மருத்துவர், எலும்பு மருத்துவர் என்று மூன்று சீட்டுகள் இருக்கும். மூன்றையும் ஒருசேரப் பார்த்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது, இதுதான்: மாத்திரை வாய்க்குப் போகும் முன், கொடுப்பவர் அதன் பெயரையும் மில்லிகிராம் அளவையும் படிக்க முடிகிறதா? படிக்க முடிந்தால் அந்த இடத்திலேயே பிழையைப் பிடிக்கலாம். படிக்க முடியாவிட்டால், முன்பு யாரோ செய்ததை அவர் நம்பித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, பிழை எவ்வளவு தூரம் பரவும் என்பது. ஒரு வேளை தவறுவது வேறு. ஒரே தவறு ஏழு நாள் தொடர்வது வேறு. மூன்றாவது, டோஸ் மாறும் நாளில் என்ன நடக்கும் என்பது. மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வரும் முதல் இரண்டு மூன்று நாள்தான் மிக ஆபத்தான காலம். பழைய மாத்திரைகளும் புதிய மாத்திரைகளும் ஒரே டப்பாவில் கிடக்கும் காலம் அது. நான்காவது, உண்மையில் மருந்து கொடுப்பவர் யார் என்பது: பகலில் பயிற்சி பெற்ற செவிலியர், இரவில் பராமரிப்பாளர் என்பதே பல இல்லங்களின் நிலை. சென்னை, கோவை இல்லங்களில் பராமரிப்பாளர்களில் பலர் வெளிமாநிலத்தவர். தமிழில் எழுதிய சார்ட்டை (யாருக்கு எந்த வேளை எந்த மருந்து என்று எழுதி, கொடுத்ததும் கையெழுத்திடும் தாள்) அவர்களால் படிக்க முடியாமல் போகலாம், ஆங்கிலத்தில் கிறுக்கியதை யாராலும் படிக்க முடியாமல் போகலாம். ஐந்தாவது, தவறிப்போன வேளை பிறகு பதிவிலிருந்து தெரியவருமா என்பது. பணத்தை ஆறாவதாகத்தான் வைக்கிறேன். அதுவும் வாங்கும் விலையை மட்டும் அல்ல, ஆள்நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

## 1. அட்டையிலிருந்து நேராகக் கொடுப்பது

ஆளுக்கொரு டப்பா, அதன்மேல் பெயரும் புகைப்படமும், உள்ளே அவருடைய மாத்திரை அட்டைகள், பக்கத்தில் சார்ட். பழைய முறை என்று இதை ஒதுக்குகிறார்கள். ஆனால் முதல் அளவுகோலில் முழு மதிப்பெண் பெறுவது இதுதான், ஏனெனில் மாத்திரையைப் பிதுக்கும் விரலுக்கு அடியிலேயே அதன் பெயர் அச்சாகியிருக்கிறது. டோஸ் மாறினால் சார்ட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு, பழைய அட்டையை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டால் போதும். பிழை நேர்ந்தாலும் பெரும்பாலும் அந்த ஒரு வேளையோடு நிற்கும்.

ஈரப்பதத்தைத் தாங்காத மருந்துகளுக்கும் இதுவே பாதுகாப்பு. டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியவை; கடலோர ஊர்களின் ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் அட்டையை விட்டு வெளியே வந்த மாத்திரை சில நாளிலேயே பிசுபிசுத்துப் போவதைப் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவு நேரம். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும், 30 பேருக்குக் காலைச் சுற்று மட்டும் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் தொலைபேசி மணி அடிக்கும், யாரோ கழிப்பறைக்குக் கூப்பிடுவார்கள், உறவினர் வந்து நிற்பார். சிட்னி மருத்துவமனைகளில் செவிலியர்களைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, மருந்து கொடுக்கும்போது நேரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் பிழை வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவீதம் கூடுவதைக் கண்டது. ஆகவே அட்டை முறையைத் தேர்ந்தெடுக்கும் இல்லம், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மருந்து கொடுப்பவரை வேறு வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்ற விதியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். விதி இல்லாவிட்டால் நேர மிச்சத்துக்காக ஒரு குறுக்குவழி தானாகவே முளைக்கும்: முப்பது பேரின் மாத்திரைகளையும் முன்கூட்டியே சிறு கிண்ணங்களில் போட்டு, மூடியின்மேல் பெயர் எழுதி, ஒரே தட்டில் அடுக்குவார்கள். பெயர் கிண்ணத்தில் அல்ல, மூடியில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூடிகள் இடம் மாறினால் இரண்டு பேரின் மருந்தும் மாறிவிடும். தட்டைச் சுமந்து செல்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

இன்னொரு பலவீனம் வெட்டிய அட்டை. மருந்துக்கடையில் நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது, காலாவதித் தேதி உள்ள முனை கடையிலேயே தங்கிவிடுகிறது; சில சமயம் பெயரும் பாதியாகிவிடுகிறது. இல்லத்துக்கு வாங்கும்போது முழு அட்டையாக மட்டுமே வாங்குவது என்று வைத்துக்கொண்டால் இது தீரும்.

## 2. வாரப் பெட்டி

ஏழு நாள், நாளுக்கு நான்கு அறை, ஆக 28 அறைகள். விலை குறைவு, பார்க்க ஒழுங்கு, பிள்ளைகள் வரும்போது காட்டுவதற்கும் நன்றாக இருக்கும். காலை அறை காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று என்று ஒரு பார்வையில் தெரிகிறது. இரவு ஷிஃப்டில் பயிற்சி இல்லாதவர் இருந்தாலும் "செவ்வாய், இரவு" அறையைத் திறந்து கொடுத்துவிட முடியும்.

இந்த எளிமைக்குக் கொடுக்கும் விலை பெரியது. 30 பேர் உள்ள இல்லத்தில் வாரத்துக்கு 840 அறைகளை நிரப்ப வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரே ஆள் தலையில் விழுகிறது. அவர் கையில் நேரும் பிழை அந்த ஒரு வேளையோடு நிற்காது. கிளைகோமெட் ஜி.பி. 1 என்ற மாத்திரையும் ஜி.பி. 2 என்ற மாத்திரையும் பெயரில் ஒரே ஓர் எண்ணால் வேறுபடுகின்றன. முன்னதில் சர்க்கரையைத் தாழ்த்தும் கிளைமிபிரைடு 1 மி.கி., பின்னதில் 2 மி.கி. பெட்டியில் தவறானது போய்விட்டால், ஏழு நாளும் இரட்டை டோஸ். சர்க்கரை தாழ்ந்த முதியவர் வியர்த்து நடுங்கித்தான் காட்டுவார் என்பதில்லை. மந்தமாக, குழப்பமாக, தூக்கக் கலக்கத்தில் இருப்பார். "வயதாகிவிட்டது, இன்றைக்குச் சரியில்லை" என்று சுற்றியிருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அட்டையை விட்டு வந்துவிட்ட சின்ன மாத்திரையைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்கப் பராமரிப்பாளரால் முடியாது, மருத்துவராலும் முடியாது.

"காலை" என்ற ஓர் அறையும் தொல்லை தருகிறது. தைராக்ஸின் வெறும் வயிற்றில் போட வேண்டியது. கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளியிருக்க வேண்டியவை. மூன்றும் ஒரே அறையில் கிடந்தால் மூன்றையும் ஒன்றாகத்தான் கொடுப்பார்கள். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவை நாளுக்கு ஐந்தாறு தடவை குறித்த நேரத்தில் எடுப்பவர்களுக்கு நான்கு அறை போதவே போதாது. வாரத்தின் நடுவில் ஒரு டோஸ் மாறினாலோ, மிச்சமுள்ள அறைகளையெல்லாம் திறந்து அந்த வெள்ளை மாத்திரை எது என்று தேட வேண்டும்.

இருந்தாலும், வாரப் பெட்டிக்கே உரிய இடம் ஒன்று இருக்கிறது. அறிவுத்தெளிவோடு, தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளும் முதியவருக்கு, மருந்துகள் மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால், இதைவிட நல்லது இல்லை. அவருக்குத் தன் மாத்திரைகள் தெரியும். "இது புதுசா இருக்கே" என்று கேட்பார். அந்தக் கேள்வி கேட்க முடியாத ஒருவருக்கு இதே பெட்டியைப் பயன்படுத்துவதைத்தான் நான் ஏற்கத் தயங்குகிறேன்.

## 3. மருந்தகம் பொதிந்து அனுப்பும் வேளைப் பொதி

பெரிய நகரங்களில் இப்போது இந்தச் சேவை கிடைக்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சிறு பை. மேலே பெயர், தேதி, நேரம், உள்ளே இருக்கும் மாத்திரைகளின் பட்டியல். காலை 6 மணிக்குத் தைராக்ஸினுக்குத் தனிப் பை, 8 மணிக்கு மற்றவற்றுக்கு வேறு பை என்று பிரிக்க முடிவதால், வாரப் பெட்டியின் நான்கு அறைச் சிக்கல் இதில் இல்லை. பொதிப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; மருத்துவரின் சீட்டுக்கு மருந்து பிரித்துக் கொடுக்கும் வேலையை 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டம் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறது.

முதல் அளவுகோலில் இது பாதி தேறுகிறது. பையில் பட்டியல் இருக்கிறது, ஆனால் ஆறு மாத்திரைகளில் எது எந்தப் பெயர் என்பது தெரியாது. அதிகபட்சம் எண்ணிக்கையை ஒப்பிடலாம். அந்த எண்ணிக்கை ஒப்பீட்டையாவது கட்டாயமாக்கினால் விடுபட்டதும் கூடுதலானதும் பிடிபடும்.

மறைந்த செலவுகள் மாற்றம் வரும் நாளில் தலைகாட்டுகின்றன. வியாழக்கிழமை மருத்துவர் ஃப்ரூசமைடை நிறுத்தச் சொல்கிறார். அடுத்த வாரம்வரை பொதி ஏற்கனவே வந்துவிட்டது. ஒவ்வொரு பையையும் பிரித்து அந்த ஒரு மாத்திரையை எடுத்தால், மருந்தாளுநர் சரிபார்த்துத் தந்த ஒழுங்கு அங்கேயே குலைந்துவிடும். திருப்பி அனுப்பினால் புதுப்பொதி வர எத்தனை மணி நேரம்? ஒப்பந்தம் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே. அன்றே தொடங்க வேண்டிய ஆன்டிபயாட்டிக், தேவைப்பட்டால் மட்டும் தரும் பாரசிட்டமால், மலமிளக்கி, கண் சொட்டு, இன்ஹேலர், இன்சுலின் எல்லாம் பொதிக்கு வெளியேதான் இருக்கும். அதாவது, பொதி முறைக்கு மாறிய இல்லமும் அட்டை முறையை அருகிலேயே நடத்தத்தான் வேண்டும். பொதி வந்துவிட்டது என்ற நிம்மதியில் இந்த இரண்டாவது வரிசையை யாரும் கவனிக்காமல் போவது வழக்கம்.

பிரிட்டனில் இத்தகைய பொதிகள் நீண்ட காலமாகப் பழக்கத்தில் உள்ளன. இருந்தும் அங்கே 2014இல் வந்த நைஸ் (மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் அரசு அமைப்பு) வழிகாட்டுதல், எல்லோருக்கும் ஒரே பொதிமுறை என்று வைக்காமல் ஒவ்வொரு முதியவரின் தேவையையும் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. பொதி சிறக்கும் இடம்: மருந்துகள் நிலையாக இருக்கும் முதியவர்கள் நாற்பது ஐம்பது பேர், மருந்தகம் அதே ஊரில், தகுதியுள்ள செவிலியர் ஒருவரோ இருவரோ மட்டும்.

## 4. கணினிப் பதிவு

கையடக்கக் கணினியில் முதியவரின் படம், அந்த நேரத்துக்குரிய மருந்துகள், கொடுத்ததும் ஒரு தட்டு. தவறிய வேளை சிவப்பாக ஒளிரும். ஐந்தாவது அளவுகோலில் இதற்கு நிகரில்லை. ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயர்களில் ஓடுவதைக்கூட நல்ல மென்பொருள் காட்டிக்கொடுக்கும். நம்மிடம் இது மிகவும் நேரும் பிழை: இக்கோஸ்பிரின் ஏ.வி. என்ற மாத்திரைக்குள் ஆஸ்பிரினோடு அடோர்வாஸ்டாட்டினும் இருக்கிறது என்பது தெரியாமல், அடோர்வாஸ்டாட்டினைத் தனியாகவும் தொடர்வது.

ஆனால் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனைகளில் சாதித்தது வெறும் பதிவு அல்ல, மருந்தின் பார்கோடையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஸ்கேன் செய்யும் ஏற்பாடு. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், கொடுக்கும் நேரம் சாராத பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. இந்தியாவில் 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டுகளுக்குக் க்யூ.ஆர். குறியீடு கட்டாயம் என்றாலும், அது போலி மருந்தைக் கண்டுபிடிக்க வந்த ஏற்பாடு; அட்டையின் ஒவ்வொரு குழியிலும் குறியீடு இருப்பதில்லை. ஸ்கேன் இல்லாத மென்பொருளில் "கொடுத்தேன்" என்று தட்டுவதற்கும் கையில் இருந்த மாத்திரைக்கும் கட்டாயத் தொடர்பு ஏதும் இல்லை. சுற்று முடிந்தபின் மேசையில் உட்கார்ந்து முப்பது பேருக்கும் ஒரே மூச்சில் தட்டிவிடுவதும், எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதும் இதன் வழக்கமான சீரழிவுகள். சந்தாவும் கருவியும் பயிற்சியும் மட்டுமல்ல செலவு. ஒவ்வொரு புதிய சீட்டையும் யாராவது தட்டச்சு செய்ய வேண்டும், அதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இது மருந்து கொடுக்கும் முறை அல்ல, மேலே சொன்ன மூன்றில் ஒன்றின்மேல் வைக்கும் கண்காணிப்பு. அடிப்படை சரியில்லாத இல்லம் இதை முதலில் வாங்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அட்டை | வாரப் பெட்டி | வேளைப் பொதி | கணினிப் பதிவு |
|---|---|---|---|---|
| கொடுக்கும்போது பெயர் படிக்க முடிகிறதா | முடியும் | முடியாது | பட்டியல் மட்டும் | திரையில் உண்டு, கையில் உள்ளதற்கு உறுதியில்லை |
| பிழையின் பரவல் | ஒரு வேளை | ஏழு நாள் வரை | பொதிக் காலம் முழுதும் | பதிவேற்றம் தவறினால், திருத்தும்வரை |
| டோஸ் மாறும் நாள் | எளிது | சிரமம், ஆபத்து | மருந்தகத்தின் வேகத்தைப் பொறுத்தது | எளிது |
| பயிற்சி குறைந்தவர் கொடுத்தால் | கடினம் | எளிது, ஆனால் குருட்டு நம்பிக்கை | எளிது | பழகினால் எளிது |
| தவறிய வேளை தெரியுமா | கையெழுத்தைப் பொறுத்தது | காலியிடம் மட்டும் | மிஞ்சிய பை காட்டும் | உடனே தெரியும் |
| மறைந்த செலவு | ஆள்நேரம் | நிரப்பும் நேரம் | இரட்டை ஏற்பாடு | தட்டச்சும் சரிபார்ப்பும் |

## எந்த முறையிலும் அடங்காதவை

இனி, முறை எதுவானாலும் தனியாகக் கையாள வேண்டிய சில மருந்துகள். உயிருக்கு ஆபத்தான பிழைகள் பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டத்தில்தான் நேர்கின்றன.

இன்சுலின் முதலாவது. இந்தியாவில் புட்டிகளில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட்; பேனாக் காட்ரிட்ஜிலும் சில புதியவகைப் புட்டிகளிலும் மில்லிக்கு 100 யூனிட். ஊசிக்குழலும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. நூறு வகை இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 10 கோடுவரை இழுத்தால், உடம்புக்குள் போவது 25 யூனிட். மாற்றிச் செய்தால் 4 யூனிட்தான் போகும். ஓர் இல்லத்தில் இரண்டு வகையும் ஒரே குளிர்சாதனப் பெட்டியில் இருக்கக் கூடாது. இருந்தே ஆக வேண்டும் என்றால், வேறு வேறு நிறப் பெட்டிகளில், அதற்குரிய ஊசியோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

மீத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். முடக்குவாதத்துக்குத் தரும் இதைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரே போகலாம். துணைக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் அதைப் போலவே சிறிய மஞ்சள் மாத்திரை. இதயத்துக்குத் தரும் டிகாக்ஸினை வாரத்தில் ஐந்து நாள் மட்டும் என்று இங்கே பல மருத்துவர்கள் எழுதுகிறார்கள். சார்ட்டில் அது "1-0-0" (காலையில் மட்டும் ஒன்று) என்று சுருங்கிவிட்டால் ஏழு நாளும் போகும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் அசிட்ரோம், ஐ.என்.ஆர். என்ற இரத்த உறைவுப் பரிசோதனையின் முடிவுக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும். இம்மூன்றையும் மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல், தேதி எழுதிய தனி உறையில் வைத்து, இருவர் பார்த்துக் கொடுத்து, இருவரும் கையெழுத்திடுவதே நான் பரிந்துரைப்பது. நாளுக்கு நாள் மாறும் மருந்துக்கு வாரப் பெட்டி பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் அசிட்ரோம் போன்றவற்றில் நிரப்பிய பெட்டி, மாறிய டோஸைவிடப் பழையதாகிவிடும்.

பிரிட்டன் ஆய்வின் தரவை மறுபடி ஆராய்ந்தபோது, மாத்திரைகளைவிடத் திரவ மருந்துகளிலும், அவற்றைவிட இன்ஹேலர்களிலும் பிழை பல மடங்கு அதிகம் என்பது தெரிந்தது. நம் முதலீடெல்லாம் மாத்திரைக்கே போகிறது. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் திரவத்தைக் குலுக்காமல் ஊற்றினால் புட்டியின் தொடக்கத்தில் மருந்து குறைவாகவும் கடைசியில் அதிகமாகவும் போகும். அதை மேசைக்கரண்டியால் அளந்தால் கேட்கவே வேண்டாம். மூக்குக் குழாய் வழியாக உணவு எடுப்பவருக்கு மாத்திரையை இடிக்கும்முன், பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., ஈ.ஆர். என்ற எழுத்துகள் உண்டா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டியதை இடித்துக் கொடுப்பது, ஒரு நாள் டோஸை ஒரே மூச்சில் கொடுப்பதற்குச் சமம். அந்த எழுத்துகள் அட்டையில்தான் இருக்கின்றன. பெட்டியில் இல்லை, பையின் பட்டியலிலும் சில சமயம் விடுபடுகின்றன.

## யாருக்கு எது

பத்துப் பதினைந்து பேர் உள்ள சிறிய இல்லத்துக்கு அட்டை முறையும் அச்சிட்ட சார்ட்டும் போதும். வேறெதையும் வாங்க வேண்டாம். அதே பணத்தில் இரவு ஷிஃப்டுக்குத் தகுதியுள்ள ஒருவரை, வாரத்தில் சில நாளாவது, அமர்த்துவது மேல். முப்பதிலிருந்து ஐம்பது பேர் உள்ள இடத்தில், நிலையான மருந்துகளுக்குப் பொதியும், மாறும் மருந்துகளுக்கு அட்டையும் என்று பிரிப்பதே சரியாக வரும். டிஸ்சார்ஜ் ஆகி வந்தவர் முதல் இரண்டு வாரம் அட்டை முறையிலேயே இருக்கட்டும். ஐம்பதுக்கு மேல், செவிலியர் மேற்பார்வையாளர் ஒருவர் முழுநேரமாக இருக்கும் இல்லத்தில்தான் கணினிப் பதிவு தன் செலவைத் திருப்பித் தரும். தானே மருந்து எடுக்கும் முதியவர் எந்த இல்லத்தில் இருந்தாலும் அவருக்கு வாரப் பெட்டி. அறிவுத்தெளிவு குறைவதாகத் தோன்றினால் அதைத் திரும்பப் பெறுவதற்கான நாளையும் குறித்து வையுங்கள்.

பிள்ளைகள் தரப்பில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இல்லத்துக்குச் செல்லும்போது பெட்டி அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, மூன்று மருத்துவர்களின் சீட்டுகளையும் ஒருவரிடமே காட்டி, எதை நிறுத்தலாம் என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கேளுங்கள். எட்டு மருந்து ஐந்தாகக் குறைந்தால், எந்த முறையானாலும் பிழைக்கான வாய்ப்பு தானாகவே குறைகிறது.

முறை மாற்றும் இல்லங்கள் எல்லா அறைகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு தளத்தில் மட்டும் தொடங்கி, திங்கட்கிழமை காலை ஒவ்வொருவரின் மாத்திரைகளையும் எண்ணி எழுதிவைத்து, அடுத்த திங்கட்கிழமை மறுபடி எண்ணுங்கள். தினம் இரண்டு எடுப்பவரிடம் 14 குறைந்திருக்க வேண்டும். 13 குறைந்திருந்தால் ஒரு வேளை விடுபட்டிருக்கிறது, 15 என்றால் யாரோ ஒருமுறை கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். சார்ட்டில் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தும் எண்ணிக்கை பொருந்தாத மருந்து எது என்று பாருங்கள். அடுத்த தளத்துக்குப் போகும் முன் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.